ஒற்றைக் காதுக்கு

வண்ணார்பேட்டை ரேடியோ சாமான் கடையில் டேப்பின் ஒலியைப் பெருக்கும் இரண்டு சர்க்யூட் போர்டுகள் கிடக்கின்றன. ஒன்று உள்ளங்கை அகலம், மற்றது தீப்பெட்டி அளவு. மைதீன் பாத்திமா சின்னதை எடுத்து வாசல் வெயிலுக்கு நேரே பிடிக்கிறாள். செம்புக்கோடு எங்காவது அறுந்திருந்தால் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும். தையல் வகுப்புக்கென்று சொல்லிவிட்டுப் போய் அவள் ஈயம் உருக்கி ஒயர் ஒட்டும் சால்டரிங் படித்தது மாமியாரைத் தவிர மேலப்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். சவூதியில் தம்மாமிலிருந்து கணவன் பேசி அனுப்பும் கேசட்டை மாமியார் நடுவீட்டில் அலறவிடுவதால் அவனுடைய பல்வலிகூடத் தெருவுக்கு மனப்பாடம். இத்தனை பேர் கேட்கிற கேசட்டில் மனைவிக்கு அவன் சொல்வது "பாத்திமா சுகமா?" மட்டும்தான். அவள் எழுதிக் கேட்டதற்குத் தனியாக ஒரு கேசட் ஆள்வசம் வந்து, நேற்றிலிருந்து கைப்பைக்குள் கிடக்கிறது. வீட்டு டேப்பிலோ காதில் மாட்டிக் கேட்க வழி கிடையாது; அந்த வழியை அவளே போர்டு வாங்கிப் பற்றவைத்துக்கொள்ளப் போகிறாள்.

"பெருச எடும்மா, தெரு முழுக்கக் கேக்கும்லா" என்கிறார் கடைக்காரர்.

"தெரு இம்புட்டு நாளு கேட்டது போதும் அண்ணாச்சி. ஒத்தக் காதுக்குக் கேட்டா சரி. இதயே தாங்க."

தீப்பெட்டி போர்டு காகிதத்தில் சுருண்டு கேசட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறதென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. இப்போதைக்கு அவளுக்கும் தெரியாது.