முப்பத்தெட்டாவது கை

“உள்ள என்ன இருக்குன்னு சொல்லாம ஒருத்தி கையையும் தொடாதீங்க, சிஸ்டர்!”

தடுப்பூசியை எடுத்த நர்ஸ் இருதயமேரி அப்படியே நின்றாள். துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் பட்டறை அது. அன்று வேலைக்கு வந்திருந்த முப்பத்தெட்டுப் பெண்களில் முப்பத்தேழு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேசைக்கு முன்னால் வந்து வழிமறித்தாள்.

“நீ யாரும்மா?”

“யமுனா. வெல்டர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, எங்க வீட்டுல முதல் டிகிரி. இவளுக்கெல்லாம் எங்க புரியப்போகுதுன்னு நினைக்காம சொல்லுங்க.”

இருதயமேரிக்குச் சுள்ளென்று வந்தது. புதுக் காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறது. இதே பட்டறையில் வேலை பார்த்த பவுனம்மாள், தொண்டையில் குழாயோடு ஒன்பது நாளாக ஐ.சி.யூ.வில் கிடக்கிறாள். அவளோடு ஸ்ரீரங்கம் வேனில் தினமும் இடித்துக்கொண்டு வந்தவர்கள்தாம் இவர்களில் பாதிப் பேர். நேற்றுப் பக்கத்துப் பட்டறையில் யாரோ ஒருத்தி ஊசியால் ஆபத்து என்று வாட்ஸப் வீடியோ ஒன்றைக் காட்டப்போக, நாற்பது பேரில் மூன்று பேர்தான் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் அப்படியே ஆனால், அடுத்த கட்டில் யாருக்கு?

“செத்துப்போன கிருமியோட துண்டும்மா. அதால காய்ச்சல் தொத்தாது. போதுமா? எதுவும் ஆகாது, கையை நீட்டுங்க.”

“எதுவும் ஆகாதுன்னு சொல்லாதீங்க. கை வலிக்குமா, வலிக்காதா?”

“வலிக்கும். ரெண்டு நாள்.”

“உடம்பு சுடுமா?”

“சிலருக்கு ஒருநாள் சுடும்.”

வரிசை சலசலத்தது. பின்னாலிருந்த இரண்டு பேர் நழுவி, மிஷின் பக்கம் போய் நின்றுகொண்டார்கள்.

“சந்தோஷமா?” இருதயமேரி பல்லைக் கடித்தாள். “படிச்ச திமிர்ல நல்லா இருக்கறவங்களையும் கிளப்பி விடு.”

“இன்னும் முடியல சிஸ்டர். பிள்ளைக்குப் பால் குடுக்கறவ போட்டுக்கலாமா? ஷரபுன்னிசா வாயைத் திறக்க மாட்டா, அதான் நான் கேக்கறேன்.”

“ஐயோ, யமுனாக்கா!” ஷரபுன்னிசா துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“தாராளமாப் போட்டுக்கலாம்.”

“ஆஸ்துமா இருக்கறவ?”

“போட்டுக்கலாம்னுதான் நினைக்கறேன்.”

“நினைக்கறதெல்லாம் வேணாம். தெரியலன்னா கேட்டுச் சொல்லுங்க.”

முப்பது வருஷ சர்வீஸில் இருதயமேரியை நிற்க வைத்து இப்படி யாரும் கேட்டதில்லை. இருந்தாலும் டாக்டர் அனுபமாவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள். “ஆஸ்துமா இருக்கறவங்கதான் முதல்ல போட்டுக்கணும், சிஸ்டர்” என்றார் டாக்டர். மிஷின் பக்கம் போனவர்களில் ஒருத்தி மெல்ல வரிசைக்குத் திரும்பினாள்.

வரிசையின் முன்னால் நின்ற ராக்கம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். “எல்லாம் சரிங்க. நாளைக்கு உடம்பு சுட்டா வேலைக்கு வர முடியாதே. அந்த நாள் கூலியை யார் குடுப்பா?”

வீடியோவும் இல்லை, பயமும் இல்லை, இதுதான் விஷயம் என்று இருதயமேரிக்கு உறைத்தது. நேற்றும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

யமுனா, ஓரமாக நின்ற மேனேஜர் பக்கம் திரும்பினாள். “ஜெய்சங்கர் சார், இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.”

“ஹெட் ஆபீஸ்ல கேக்கணும்மா...”

“கேளுங்க. நாங்க நிக்கறோம். மிஷினும் நிக்கட்டும்.”

ஜெய்சங்கர் போனோடு வெளியே போனார். ஐந்து நிமிடம் கழித்து, கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். “காய்ச்சல் வந்தா ஒருநாள் சம்பளத்தோட லீவு. போதுமா தாயே?”

“போர்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க, சார்.”

எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

“சரி, குத்துங்க” என்று முதல் ஆளாக ராக்கம்மாள் வந்து கையை நீட்டினாள். மிஷின் பக்கம் நின்ற இன்னொருத்தியும் வந்து சேர, அப்புறம் வரிசை தானாக நகர்ந்தது. ஒரு மணி நேரத்தில் முப்பத்தேழு பேர் முடிந்தார்கள். போட்டுக்கொண்டவர்கள் கையைத் தேய்த்தபடி டீ குடிக்கப் போனார்கள். இருதயமேரிக்கு மலைப்பாக இருந்தது. இந்தப் பெண்ணை மட்டும் கூடவே அழைத்துப்போனால், வையம்பட்டி வரைக்கும் எந்த ஊரிலும் ஒரு ஊசி மிச்சமிருக்காது!

“வாம்மா, முப்பத்தெட்டாவது கை உன்னோடது.”

“எனக்கு வேணாம், சிஸ்டர்.”

இருதயமேரியின் முகம் கறுத்தது. “என்னது? அத்தனை பேரையும் நீட்ட வச்சுட்டு நீ மட்டும் தப்பிச்சுக்கறியா? பவுனம்மா கெடக்கற கெடப்பைப் பார்த்த பிறகுமா? இவ்வளவு நேரம் பேசினதெல்லாம் வெறும் வாய்தானா?”

யமுனா டீக்கடைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அன்று முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

“கத்தாதீங்க, சிஸ்டர். அவங்க காதுல விழுந்தா, யமுனாவை நம்பித்தான் போட்டுக்கிட்டோம்னு ஆயிடும். அவங்களாக் காது குடுத்துக் கேட்டு, அவங்களா எடுத்த முடிவா இருக்கட்டும்.”

சொல்லிவிட்டுப் போனை நீட்டினாள். திரையில் இருந்த சான்றிதழை இருதயமேரி இரண்டு முறை படித்தாள்: இந்த ஊசிக்கு அனுமதி கிடைப்பதற்கு முன்னால், மனிதர்களுக்குப் போட்டுச் சோதித்துப் பார்க்க ஆள் கேட்டபோது, தானாக முன்வந்து கையை நீட்டியவர்களில் ஒருத்தி யமுனா.