இந்தப் பக்கம் மேலே

அம்மாவின் கணுக்காலில் கட்டு. மாமாவின் தலையில் கட்டு. மகளின் வலது கை கட்டுப்போட்டு, கழுத்திலிருந்து ஒரு துணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சர்க்கரை இரவல் கேட்க வந்த மாடி வீட்டுப் பெரிய சிஸ்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவருக்கே மூச்சு ஒரு கணம் நின்று வந்தது.

"ஐயோ, எதுலப்பா போய் மோதினீங்க?"

"மோதவும் இல்ல, விழவும் இல்ல சிஸ்டர்," என்று சிரித்தார் மாமா. "நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. பயிற்சி இப்பவே ஆரம்பிச்சாச்சு. கையில அகப்பட்டது நாங்கதான்!"

சிஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சர்க்கரையை மறந்து மகளின் கன்னத்தைக் கிள்ளினார். அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டுகளைச் சோதிக்கக் கிளம்பிவிட்டார்.

மாமாவின் நெற்றிக்கு மேலே, கட்டுத்துணியில் பேனாவால் ஓர் அம்புக்குறி. பக்கத்திலேயே 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது. சிஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பார்சல் ஆபீஸ் குடும்பம்னு காட்டிட்டீங்களே! முடிச்சும் பார்சல் முடிச்சு. நோயாளிக்குப் போடற முடிச்சு இப்படிப் புடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, தட்டையாப் படியணும்."

மூலையில் மிச்சத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பா அசடு வழிந்தார். இருபத்திரண்டு வருஷம் பார்சல் கட்டிய மனுஷன். போன மாதம் ஆபீஸை மூடியதிலிருந்து அவரால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

மேஜையில் விண்ணப்பம் கிடந்தது. எந்தப் படிப்பு என்ற கட்டம் மட்டும் காலி. பன்னிரண்டு மணிக்குக் காலேஜிலிருந்து போன் வரும், அப்போது சொல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பது.

"ரெண்டு வருஷ உதவியாளர் படிப்பே போதும்," என்றார் அம்மா. "நாலு வருஷம்னா விளையாட்டா? ராப்பகலா புத்தகமும் கையுமா உக்காந்தா உடம்பு தாங்குமா?"

"ஆசைப்பட்டது நர்ஸ் ஆகறதுக்கும்மா, உதவியாளர் ஆகறதுக்கு இல்ல," என்றாள் மகள்.

"நடுவுல மூணு வருஷ டிப்ளமா இருக்கே," என்று மத்தியஸ்தம் செய்தார் மாமா.

"அதைப் படிச்சாலும் நர்ஸ்தான்," என்றார் சிஸ்டர். "ஆனா ஒரு வார்டையே நடத்தணும்னா டிகிரி வேணும். நான் டிப்ளமாவோட வேலைக்குப் போயிட்டு, அப்புறம் டிகிரி முடிக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அப்பா சுருட்டிய துணியைப் பிரித்து மறுபடி சுருட்டினார். கண் மட்டும் அம்மாவின் முகத்தை விட்டு நகரவில்லை.

பதினொன்று ஐம்பத்தெட்டு. அம்மா எழுந்து சமையலறைக்கும் கூடத்துக்குமாக விறுவிறுவென்று நடந்தார். சட்டென்று நின்று தன் கணுக்காலைக் குனிந்து பார்த்தார்.

காலையிலிருந்து இந்தக் கட்டோடுதான் வீடு பெருக்கி, துணி துவைத்து, மொட்டைமாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கியிருக்கிறார். ஓர் இழைகூட நகரவில்லை.

அம்மாவுக்குக் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது.

"சரி போங்க, நாலு வருஷமே படிக்கட்டும்!"

மாமா எழுந்து ஒரு குதி குதித்தார். அந்தக் குதியிலும் அம்புக்குறி மேலேதான் இருந்தது. சிஸ்டர் மகளைக் கட்டிக்கொள்ளப் போன நேரம், போன் அடித்தது. மகள் இடது கையால் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நர்சிங் காலேஜ் ஆபீஸ். எந்தப் படிப்புன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நாலு வருஷ டிகிரி சார்!"

"நல்லது. ஹாஸ்டல் வேணுமா?"

"வேணாம் சார். அப்பாவை தினமும் நானே ஸ்கூட்டர்ல கொண்டுவந்து விட்டுடறேன்."