மாப்பிள்ளை வந்த படகு

பதினொன்றே கால் மணிக்குப் படகு திடீரென்று உதறத் தொடங்கியது. எரிபேர்த்தோவின் கையிலிருந்த மாத்தே மூலிகைத் தேநீர்க் குவளை தளும்பி, வெந்நீர் அவருடைய புதுக் கால்சட்டையில் கொட்டியது.

“கெட்டியாப் பிடிச்சுக்குங்க மாமா,” என்றபடி அன்செல்மோ வேகத்தைக் குறைத்தான்.

அன்செல்மோதான் மாப்பிள்ளை. வயது நாற்பத்து நான்கு. பன்னிரண்டு மணிக்குத் தீக்ரே ஊரில் கல்யாணப் பதிவு அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். போன மாதம் குறித்த நாள் வெள்ளத்தில் போயிற்று. இன்றும் தவறினால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான்.

எரிபேர்த்தோ சாட்சிக் கையெழுத்துப் போட கோர்தோபா மலைப்பக்கத்திலிருந்து வந்தவர். மணப்பெண்ணை அவர் பார்த்ததில்லை. படகில் ஏறுவதும் இதுதான் முதல் தடவை.

“மெக்கானிக்கைக் கேட்டுடறேன்,” என்று அன்செல்மோ போனை ஸ்பீக்கரில் போட்டான்.

“என்ன?” என்றது ஒரு பெண் குரல். கரகரப்பான, அவசரக் குரல்.

“படகு உதறுது.”

“எப்பலேருந்து?”

“இப்பதான். ஆகாயத்தாமரைக் கூட்டத்தைத் தாண்டினேன், உடனே ஆரம்பிச்சிடுச்சு.”

“நியூட்ரல்ல போட்டு முடுக்கிப் பாரு. அப்பவும் உதறுதா?”

அன்செல்மோ முடுக்கினான். இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. படகு உதறவில்லை. “இல்ல.”

“அப்ப இன்ஜின்ல ஒண்ணுமில்ல. தண்ணிக்கடியில விசிறியிலதான் கோளாறு. நங்கூரத்தைப் போடு. சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கோ. அப்புறம் மோட்டாரைத் தூக்கு. போன தடவை மாதிரி சாவியை மாட்டிவெச்சுக்கிட்டு விசிறியில கையை வைக்காதே, கழுதை.”

எரிபேர்த்தோவுக்குச் சுருக்கென்றது. “யார்டா இவ, கல்யாண மாப்பிள்ளையை இந்த அதட்டு அதட்டுறா? நேர்ல வந்து பாக்கச் சொல்லு.”

போனுக்கு அது கேட்டுவிட்டது. “இன்னிக்குக் கடை லீவு. நகப்பூச்சு இன்னும் காயல. கிரீஸ்ல கை வைக்க மாட்டேன்.”

“நகப்பூச்சு போட்ட மெக்கானிக். விளங்கிடும்,” என்று முணுமுணுத்தார் எரிபேர்த்தோ.

அன்செல்மோ கோட்டைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, படகின் பின்பக்கம் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தான். அவன் ஆற்றில் விழுந்துவிடாமல் மாமா இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தூண்டில் நைலான் சுத்தியிருக்கு. கத்தியால அறுத்துடவா?”

“வெளியில தெரியறதை அறுத்தா பத்தாது. உள்ளயும் போயிருக்கும். பின்னை உருவு, நட்டைக் கழட்டு, விசிறியை வெளியில எடு. வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்துதோ அப்படியே திரும்பப் போகணும். அதை ஆத்துல தவற விட்டே, நீந்தித்தான் வரணும்.”

எரிபேர்த்தோ ஒரு கையால் பெல்ட்டைப் பிடித்தபடியே, மறு கையால் தன் புதுத் தொப்பியைக் கழற்றிக் கீழே ஏந்தினார். நட்டு அதில் விழுந்தது. பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்த வாஷரும் விழுந்தது. தொப்பி நாசம். ஆனால் விசிறியை உருவியதும், அடியில் கெட்டியாகச் சிக்கிக் கிடந்த நைலான் முழுவதும் வெளியே வந்தது.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டும்போது மணி பதினொன்று முப்பத்தைந்து.

“இன்னும் லேசா உதறுது,” என்றான் அன்செல்மோ.

“இறக்கை ஏதாவது அடிபட்டிருக்கும். முடுக்காதே. மெதுவா வா, போதும்.” போன் பட்டென்று அணைந்தது.

படகு மெல்ல நகர்ந்தது. எரிபேர்த்தோவின் மனசு ஆறவில்லை. அப்பா இல்லாத இவனை எட்டு வயதிலிருந்து வளர்த்தவர் அவர். பள்ளிக்கூடத்திலும் இவனை எல்லோரும் இப்படித்தான் மிரட்டினார்கள். இவன் சிரித்துக்கொண்டே நிற்பான். இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

“மாமா, அவளைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். காசும் கொடுத்துத் திட்டும் வாங்குறியே, வெக்கமா இல்ல? கல்யாணப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்.”

அன்செல்மோ சிரித்துக்கொண்டே படகைத் துறைப் பக்கம் திருப்பினான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தீக்ரே படகுத்துறை வந்தது. வெள்ளை உடையும் தலையில் ஆரஞ்சுப் பூவுமாக மணப்பெண் துறை விளிம்பில் நின்றிருந்தாள். படகு வருவதைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. கையை நீட்டிப் பெரியவரை மேலே ஏற்றிவிட்டு, கன்னத்தில் முத்தமிட்டாள்.

எரிபேர்த்தோ உருகிப்போனார். எவ்வளவு சாதுவான பெண். இவளிடம் சொன்னால் நடக்கும்.

“அம்மா, நல்ல நாள்ல இதைச் சொல்றேன்னு நினைக்காதே,” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இவன் வாயில்லாப் பூச்சி. ஒரு மெக்கானிக் இவனைப் பந்தாடுறா. வழி நெடுகத் திட்டு. இனிமே அவ சங்காத்தமே வேணாம்னு நீதான் கண்டிப்பாச் சொல்லணும்.”

மணப்பெண் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். பின்னால் படகைக் கட்டிவிட்டு அன்செல்மோ மோட்டாரைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் பூச்செண்டை மாமாவின் கையில் கொடுத்தாள். பாவாடையை ஒரு கையால் சுருட்டிப் பிடித்தபடி துறை விளிம்பில் மண்டியிட்டு, மறு கை விரலால் விசிறியின் இறக்கைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“மூணாவது இறக்கை நுனி மடங்கியிருக்கு, திங்கக்கிழமை கடைக்குக் கொண்டா.”