அம்மாவின் சேற்றுக்கால்

கண்காட்சிக் கூடத்தின் நடுவே, கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைத் துணியை முதுகலை ஓவிய மாணவி அறிவுமதி வெறித்துப் பார்க்கிறாள். துணி முழுக்கச் சேற்றுக் கால்தடங்கள்; நடவு நடுகிறவள் பின்னால் நகர்ந்து வைக்கும் அடிகள், குதிகால் ஆழமாக, விரல்கள் மேலோட்டமாக. அறிவுமதியின் யோசனை அது. கல்லூரிக்கு வருகைதரும் ஓவியர் ஆதவனிடம் முன்பு சொன்னபோது, "இதுல ஒண்ணும் இல்லம்மா, விட்டுடு" என்றவர் அவர். இப்போது துணிக்குக் கீழே அவர் பெயர். விளக்குச் சூட்டில் சேறு பொருக்குவிட்டுத் தரையில் உதிர்கிறது. வலங்கைமானிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் அம்மா செந்தாமரை, சுண்டுவிரல் பதியாத ஒரு தடத்தைத் தொடாமல் காற்றிலேயே விரலால் வருடுகிறாள்.

"என் காலுதான்டி இது."

"நீ எப்பம்மா நடந்த?"

"உங்க ஓவிய சாரு நடவு அன்னிக்கு வயலுக்கே வந்தாரு. நீதான் அனுப்புனேன்னாரு. உன் படிப்புக்குன்னாரு. அவகிட்ட இப்ப சொல்ல வேணாம், அவ பாத்து அசந்து போகட்டும்னாரு. இடுப்பு விட்டுப்போற வரைக்கும் துணி மேல திரும்பத் திரும்ப நடந்து குடுத்தேன்."

கைதட்டலுக்கு நடுவே ஆதவன் இந்தப் பக்கம் திரும்புகிறார். அம்மா முகமெல்லாம் மலர, அவரைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்புகிறாள்.