இடப்பக்கம் சுற்றிய குழவி

கைக்குழந்தையை எடைபோட வந்த நர்ஸம்மா, பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல்லைப் பார்த்ததும் குழந்தையை மறந்துவிட்டாள்.

குழி நிறைய மழைத்தண்ணீர். அதில் விரலை நனைத்து, பயபக்தியோடு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அயர்லாந்துக்காரி. தமிழ் வராது, சந்தை மலாய்தான். அவள் ஊர் வயல்களிலும் இப்படிக் குழிக்கல் உண்டாம். எந்தக் காலத்தில் யார் குடைந்தது என்று ஒருவருக்கும் தெரியாதாம். குழியில் தேங்கிய தண்ணீரைத் தடவினால் மரு உதிர்ந்துவிடுமாம். உள்ளே கிடக்கும் உருண்டைக் கல்லைச் சுற்றிக்கொண்டே யார் பெயரைச் சொன்னாலும் பலிக்குமாம்.

"பூசிங் கீரி, சுசா. பூசிங் கானான், பாகுஸ்லா!"

இடப்பக்கம் சுற்றினால் கேடு, வலப்பக்கம் சுற்றினால் நல்லது.

குழந்தையின் தாய் ரத்தினம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் ஓரகத்தி பூவம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பூவம்மா இடதுகைக்காரி. அவள் மாவாட்டினால் குழவி இடப்பக்கம்தான் சுற்றும். சுற்றச் சுற்ற, 'இந்த ரத்தினம்மா உருப்படுவாளா, விளங்குவாளா' என்று கரித்துக்கொட்டுவாள். அப்போதுதான் மாவு பொங்கும் என்பது அவள் கட்சி.

ரத்தினம்மாவின் புருஷன் குவீன்ஸ்டவுனில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்காகிறது. பிறகு எழுதிப்போட்டவர்கள்கூடக் குடிபோய்விட்டார்கள். இவள் மட்டும் இதே அடுக்களையில், இதே அடுப்படியில்.

எப்போது தொலைவாள் என்று ஏங்கியவளே அவளைக் கட்டிப்போட்டிருக்கிறாள்! பூவம்மாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் வலது கையால் குழவியைப் பிடித்து, வலப்பக்கமாகச் சுற்றினாள்.

"ரத்தினம் மகராசியா இருக்கணும். அவளுக்குச் சீக்கிரம் வீடு கிடைக்கணும். நல்ல தூரமா கிடைக்கணும்."

தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. மாவு நறநறவென்று இருந்தது. இட்லியைப் பிட்ட புருஷன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பார்க்கட்டும், பழைய பாவம் கழிகிறதே என்று இன்னும் இரண்டு இட்லி வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள் ரத்தினம்மாவின் முறை. மாவாட்டும்போது அவள் உதடும் அசையும். முருகன் பாட்டு என்றே பூவம்மா நினைத்திருந்தாள்.

காப்பியோடு பின்கட்டுக்குப் போன பூவம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

ரத்தினம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு அசைய, பழகாத இடது கையால், குழவியை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வலது கை சுளுக்கிக்கிச்சுக்கா," என்றாள் நிமிராமல்.