மூடிய பின்கதவு

எல்லைத் தெருவில் மூடாமல் மிஞ்சியிருந்த ஒரே பின்கதவுக்கு, அன்னக்கொடி வீட்டுக் கதவுக்கு, அமைச்சர் தம் கையாலேயே முத்திரை வைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் அண்டை நாடு; அங்கே போர். யாரும் எல்லை கடக்காதபடி தெருவின் நாற்பது பின்கதவுகளும் மூடியே இருந்தால், வல்லரசுகள் இந்த நாட்டின் மீது போட்ட மருந்துத் தடையை நீக்கும். ஒன்று திறந்தாலும் தடை திரும்பிவிடும். அன்னக்கொடியின் கணவனுக்கோ இரண்டு நாளைக்குத்தான் இன்சுலின் மிச்சம்.

இறையாண்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கி, மூன்று இளநீர் குடித்து முடித்த அமைச்சர் அவள் பக்கம் மெல்லக் குனிந்தார்.

"ஏம்மா, பாத்ரூம் எங்க இருக்கு?"

"நீங்க இப்ப சீல் வச்சீங்களே, அதுக்குப் பின்னாலதான்யா."

"ஒரே நிமிசம் திறம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"மேலேர்ந்து சேட்டிலைட்டு பாக்குதுங்கய்யா. எம் புருசனுக்கு ஊசி வந்தாகணும். மகாராசாவே வந்தாலும் திறக்கமாட்டேன்." அன்னக்கொடி கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"அப்ப நான் எங்கதாம்மா போறது?"

"தெருக்கோடி ராயப்பன் வீட்டு கக்கூஸ் ஒண்ணுதான் நம்ம நாட்டுக்குள்ள இருக்கு. காலையிலேர்ந்து தெருவே அங்கதான் நிக்குது. வெரசாப் போங்க."

அமைச்சர் ஓடினார். வரிசையில் நின்ற இருபத்தாறு பேரும் அவரைப் பயபக்தியோடு கும்பிட்டார்கள். ஒருவரும் நகரவில்லை.