சிரிப்புக்கு விட்ட இடம்

டிவியில் காமெடி பண்ணுவது என் தொழில். வசனம் முடிந்ததும் கூட்டம் சிரித்து ஓய இடைவெளி விடுவேன். அந்தப் பழக்கம் வீட்டிலும் போகாது.

அக்கா வந்திருந்தாள். டீயை நீட்டிக்கொண்டே, "மனசு சரியில்லக்கா. டாக்டரைப் பார்க்கணும்" என்றேன். பழக்கதோஷத்தில் இடைவெளி விட்டேன்.

சுவருக்குப் பின்னாலிருந்து கூட்டமாகச் சிரித்தார்கள்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "பக்கத்து வீட்டு டிவியா?"

"பக்கத்துல வீடே கிடையாது."

அது ஆறாவது மாடியின் கடைசிச் சுவர். அதற்கப்பால் வெறும் காற்றுதான். நான் சொன்ன அந்தப் பதிலுக்கும் சிரித்தார்கள்.

"கிளம்புடி, எங்க வீட்டுக்குப் போயிடலாம்."

"நான் ஏன் போகணும்? இது என் வீடு. அவங்க போகட்டும்."

கைதட்டல் காதைப் பிளந்தது.

நாற்காலியைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அக்காவும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். யாரோ கொட்டாவி விட்டார்கள். டீ ஆறி ஏடு கட்டியபோது ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து, வெறும் காற்றில் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு நாற்காலி மட்டும் இன்னும் நகரவில்லை. இருக்கட்டும். எனக்கும் அவசரமில்லை.